தொழில் மாறுவோனின் விண்ணப்பம்: திருகோணமலைத் துறைமுகம் தந்த இரு சான்றுகள்

தொழிலொன்றை விட்டு வேறொரு தொழிலை நாடிச் செல்பவன், தன்னைப்பற்றித் தானே எழுதவேண்டிய நிலைக்கு உள்ளாகிறான். நெடுநாள் பழகிய முதலாளிக்கு அவன் எழுதிக் காட்டவேண்டியது எதுவுமில்லை. அவன் கையே அவனுக்குச் சாட்சி. புதிய வாசலில் நிற்கும்பொழுதோ கையை யாரும் பார்ப்பதில்லை, காகிதத்தையே பார்க்கின்றனர். அக்காகிதத்தை இலங்கையில் முன்னாளில் விண்ணப்பம் என்றும், அதனோடு இணைப்பதை நற்சாட்சிப் பத்திரம் என்றும் வழங்கினர். இரண்டும் கூடியதே இன்று சுயவிபரக் கோவை எனப் பெயர் பெற்றிருக்கிறது.

பெயர் புதியதாயினும் வழக்கம் பழையது. 1482 ஆம் ஆண்டளவில் புளோரன்ஸ் நகரத்து ஓவியராகிய லியொனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்சாவுக்கென ஒரு கடிதம் வரைந்தார். மிலானுக்கு அன்று வேண்டியிருந்தவை போர்க்கருவிகள். ஆகையால், எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், அகழிநீரை வடிக்கும் வகை, பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் ஆகியவற்றை அவர் இலக்கமிட்டு முன்னே எழுதினார். சிற்பமும் ஓவியமும் தமக்குக் கைவந்தவை என்பதை இறுதியில் ஓரிரு வரிகளிற் சேர்த்துக்கொண்டார். அக்கருவிகளுட் பல அந்நாளில் அவர் மனத்தில் மட்டுமே இருந்தன என்பது வேறு கதை. எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்ற ஆராய்ச்சியை அவர் செய்தார் என்பதே ஈண்டு கவனிக்கத்தக்கது.

இவ்வாராய்ச்சியைக் காண்பதற்குத் திருகோணமலை மாவட்டத்தவர் இத்தாலிவரை போகவேண்டியதில்லை. துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவில், மூதூர்க் கரையில், 1660 ஆம் ஆண்டு பிடிபட்ட ஓர் இளைஞனின் வரலாறு இதற்குப் போதிய சான்றாகும்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்திலிருந்த ‘ஆன்’ என்னும் கப்பல், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத் துறையில் நங்கூரமிட்டிருந்தபொழுது பெரும்புயலிற் சிக்கியது. கப்பலைக் காப்பதற்காக அதன் நடுப்பாய்மரத்தை வெட்டி வீழ்த்த நேர்ந்தது. புதுப் பாய்மரம் நாட்டவும், அவ்வேளையிற் சிறிது வாணிபம் செய்யவும் ஏற்ற இடமெனக் கொட்டியாரம் குறிக்கப்பட்டது. கப்பலைச் செப்பனிட வருவோரை வரவேற்பது இவ்வியற்கைத் துறைமுகத்தின் தொன்மையான தொழில் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் நன்று. இக்கட்டுரையின் பிற்பகுதியிலும் அத்தொழிலே வருகிறது.

கப்பலின் தலைவர் பெயர் றொபேட் நொக்ஸ். அவருடைய மகனுக்கும் அதே பெயர், வயது 19. கரையோரம் அப்பொழுது கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்குட்பட்டிருந்தது. மன்னனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று கூறி வந்த திசாவை, தந்தையையும் அவருடன் கரைக்கு வந்தோரையும் பிடித்துக்கொண்டான். செய்தி சொல்லும்படி மகனைக் கப்பலுக்கு அனுப்பினான். மகன் கப்பலேறினான், கப்பலைக் காத்துக்கொள்ளுமாறு தந்தை இரகசியமாகச் சொல்லியனுப்பியதை அங்கிருந்தோருக்குத் தெரிவித்தான். அதன்பின் அக்கப்பலிலேயே தங்கித் தப்பிச் சென்றிருக்கலாம். அவனோ தந்தைக்குக் கொடுத்த வாக்கை நினைந்து மறுபடியும் கரைக்கு வந்து சிறைப்பட்டான். பின்னர் எத்தனை பதவிகள் பெற்றபோதிலும், அவனுடைய குணத்துக்கு இதனினும் பெரிய நற்சாட்சிப் பத்திரம் வேறில்லை. தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேர் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கப்பல் அவர்களில்லாமலே பாய் விரித்துச் சென்றது.

தந்தை 1661 பெப்ரவரியிற் காய்ச்சலால் இறந்தார். மகன் 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் இருந்தான். சிறை என்றாலும் இரும்புக் கம்பிகள் இல்லை. ஊரவர்களே கைதிகளுக்கு அரிசியும் கறியும் கொடுக்கவேண்டும் என்பது அரச கட்டளை. எஞ்சியவற்றைத் தாமே தேடிக்கொள்ளவேண்டும். கடலையன்றி வேறொன்றும் கல்லாத மாலுமிகள் அங்கே நூலாற் குல்லாய் பின்னக் கற்றுக்கொண்டனர். தொடக்கத்தில் ஒரு குல்லாய் அதற்குச் செலவான நூலின் விலையைப்போல் மும்மடங்குக்கு விற்றது. எல்லோரும் பின்னத் தொடங்கவே குல்லாய் பெருகி விலை சரிந்தது. அங்காடியின் இயல்பை நொக்ஸ் பாடப்புத்தகத்திற் படிக்கவில்லை. தன் மடியிற் கிடந்த குல்லாய்களிலிருந்தே படித்தான். அவ்வாறு பின்னிய ஒரு குல்லாயைக் கொடுத்துத்தான், ஒரு முதியவரிடமிருந்த ஆங்கில விவிலியத்தையும் அவன் வாங்கினான்.

பின்பு அவன் நெல்லைக் கடனாகக் கொடுத்தான். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி. எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினான். இறுதியில், மூட்டை சுமந்து ஊரூராகச் சென்று புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புப் பொருள்கள் விற்கும் சிறு வியாபாரியானான். வியாபாரம் ஒரு காரணம். வடக்கே செல்லும் வழிகளை அறிவது அதனினும் பெரிய காரணம். 1679 செப்டெம்பரில் ஸ்டீவன் றட்லண்ட் என்ற தோழனுடன் புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரை பிடித்து, ஒக்டோபர் 18 ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். அங்கிருந்து மன்னார், கொழும்பு, பத்தாவியா என்று சென்று, 1680 செப்டெம்பரில் இலண்டன் மாநகரிற் கால் வைத்தபொழுது அவனுக்கு வயது 39.

இனி அவன் நிலையைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். ஒரு மாலுமி கப்பற்றலைவனாகும் பருவம் முழுவதும் அவனுக்குக் கரையிலே, அதுவும் கடலே தெரியாத மலைநாட்டிலே, கழிந்திருந்தது. உடன் பயின்றவர்கள் பலமுறை கிழக்குத் தீவுகளுக்குச் சென்று திரும்பியிருப்பர். அவனோ 19 ஆண்டுகளுக்குக் கணக்குக் காட்டவேண்டும். குல்லாய் பின்னினேன், நெல்லுக்கு வட்டி வாங்கினேன், சீப்பு விற்றேன் என்று காலவரிசைப்படி கூறினால், ஒரு கப்பற் கம்பெனி அவனை இரக்கத்தோடு பார்க்குமேயன்றி வேலைக்கு அழைக்காது.

இலங்கையிலிருந்து மீண்ட பிரயாணத்தின்போதே அவன் எழுதத் தொடங்கியிருந்தான். தாள்கள் ஒழுங்கின்றிக் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்துவதில் அவனுடைய உறவினரான ஜோன் ஸ்ட்றைப் என்னும் பாதிரியாரும், அறிவியலறிஞர் றொபேட் ஹூக்கும் துணைபுரிந்தனர். 1681 இல் அந்நூல் இலண்டனில் அச்சேறியபொழுது நான்கு பகுதிகளாக அமைந்திருந்தது. முதற்பகுதி நாட்டின் நிலமும் விளைபொருளும். இரண்டாவது அரசனும் ஆட்சியும். மூன்றாவது மக்களின் வாழ்க்கையும் வழக்கங்களும். ஆசிரியன் பிடிபட்டதும் துன்புற்றதும் தப்பியதும் நான்காம் பகுதியிலேதான் வருகின்றன.

இவ்வமைப்பே கருதத்தக்கது. கேட்போர் மனத்தை உடனே கவர்வது சிறைப்பட்ட கதை. பிழைப்புக்குக் கதை எழுதுபவனாயின் அதனையே முன்வைத்திருப்பான். ஆனால் கம்பெனியின் இயக்குநர்களுக்கு வேண்டியது வேறு. எந்த ஊரில் எப்பொருள் விளைகிறது, எவ்வழியிற் கணவாய் இருக்கிறது, அரசனின் வருவாய் யாது, கறுவா எங்கே வளர்கிறது என்பனவற்றை மூட்டை சுமந்து நடந்த ஒருவனைப்போல் எந்தக் கப்பற்றலைவனும் அறிந்திருக்க முடியாது. மூட்டை வியாபாரம் என்ற பெயரில் தாழ்வாகத் தோன்றிய அதே தொழில், நாட்டறிவு என்ற தலைப்பின்கீழ் வரும்பொழுது அரிய தகுதியாகிவிடுகிறது. நடந்தவை மாறவில்லை, கால வரிசை கலைக்கப்பட்டுப் பயன் வரிசை வந்தது. இதனைத் தனியொருவனாக அவன் செய்யவில்லை என்பதையும் மறத்தலாகாது. தன் வாழ்வில் எது அரியது என்பது வாழ்ந்தவனுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. ஹூக்கைப் போன்ற வெளியார் ஒருவரின் கண் அதற்கு வேண்டியிருந்தது.

நூல் கம்பெனியின் ஆளுநருக்கும் இயக்குநர்களுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. ஹூக் அதற்கு முன்னுரை எழுதினார். அக்காலத்தில் றோயல் சங்கத்தின் தலைவராயிருந்த கட்டடக் கலைஞர் கிறிஸ்தோபர் றென், நூலைப் படித்து அதன் உண்மைத்தன்மைக்குச் சான்றளித்தார். விண்ணப்பமும் நற்சாட்சிப் பத்திரங்களும் ஒரே அட்டைக்குள் அமைந்துவிட்டன. அதே ஆண்டிற் கம்பெனி அவனை ‘தொங்கின் மேர்ச்சண்ட்’ என்னும் கப்பலுக்குத் தலைவனாக்கி அனுப்பியது. அச்சு நூலைக் கண்டுதான் பதவி கொடுத்தனர் என்று கூறுதல் பொருந்தாது. நூல் வெளிவருமுன்பே இயக்குநர்கள் அவனை நேரில் விசாரித்து அறிந்திருந்தனர். அவனுடைய கதையைக் கேட்க விருப்பமுள்ளோர் இலண்டனில் இருந்தனர் என்பதே உண்மை. நூல் 1689 இற் செருமன் மொழியிலும், 1692 இல் ஒல்லாந்த மொழியிலும், 1693 இற் பிரெஞ்சிலும் பெயர்க்கப்பட்டது. நொக்ஸ் தன்னுடைய பிரதியில் வெற்றுத்தாள்களை இடையிடையே கட்டுவித்து, முதுமைவரையிற் புதியனவற்றை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தான். 1720 இல் இறந்தான்.

ஆயினும் வாழ்க்கைக் குறிப்பு என்பது எழுதியவனின் முழு உருவமன்று. 19 ஆண்டுகள் பிறர் ஆணைக்கு அடங்கிக் கிடந்த அம்மனிதன், 1680 களில் மடகாஸ்கர் தீவுக்குக் கப்பல் கொண்டுசென்று, சென். ஹெலினாத் தீவின் தோட்ட வேலைக்கென அடிமைகளை வாங்கியவனுமாவான். சிறைப்பட்டோனின் துயரை எழுதிய கை அதுவே. மூதூரில் 1893 இல் நாட்டப்பெற்ற நினைவுக்கல், அவன் அங்கிருந்த புளியமரத்தடியிற் பிடிபட்டதையும் சிறையிருந்த ஆண்டுகளையுமே கூறும்.

இனி இரண்டாவது சான்று. அது ஒரு மனிதனுடையதன்று; நூல் எதுவும் எழுதாத பலருடையது.

1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அங்கே கப்பற்படைக்குரிய செப்பனிடுதளமொன்றை வளர்த்தனர். ஊரார் அதனை டொக்யார்ட் என்றே அழைத்தனர். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்படைச் செலவைச் சுருக்கும் நோக்கில் அது ஒருமுறை மூடப்பட்டது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும் திருகோணமலையின் மதிப்பு ஒரே மாதத்தில் உயர்ந்துவிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவிலிருந்த எண்ணெய்த் தாங்கிகளையும் தாக்கின. போர்க்காலத்திற் பல்வேறு ஊர்களிலிருந்தும் மக்கள் டொக்யார்ட் வேலைக்கு வந்து குவிந்தனர்: தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள் எனப் பல சாதியினர்.

அவர்கள் செய்த வேலைகளின் பெயர்களே ஒரு தனி அகராதி. இரும்புப் பகுதிகளைப் பொருத்துபவர் பிற்றர். கடைசற் பொறியில் நிற்பவர் ரேணர். வடத்தாலும் கப்பியாலும் பாரந்தூக்குபவர் றிகர். இவற்றோடு சாரங்கு, தண்டேல், லஸ்கார் என்ற பழைய கடற்சொற்களும் கலந்திருந்தன. இவற்றுள் எளிய வேலை எதுவுமில்லை. 1944 ஓகஸ்ட் 8 ஆம் நாள், ‘வலியன்ற்’ என்னும் பெரும் போர்க்கப்பலை ஏந்தி நின்ற மிதக்குந் தளம் அதன் பாரத்தைத் தாங்கமாட்டாது முறிந்து அமிழ்ந்தது. தளத்தின் நீர்த்தொட்டிகளிற் சமநிலை தவறியதே அதற்குக் காரணம். ஒரு வால்வை எப்பொழுது திறப்பது என்னும் அறிவு எத்தகையது என்பதை அந்த ஒரு நாள் காட்டியது. அவ்வறிவு ஆண்டுக்கணக்காகக் கையிற் படிந்தது. காகிதத்தில் அதற்கு ஒரு வரிதான்.

சுதந்திரத்துக்கு முன் 1947 நவம்பரில் கைச்சாத்திடப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையின்படி பிரித்தானியக் கடற்படை இத்தளத்தில் நிலைத்திருந்தது. 1956 இற் பதவியேற்ற பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தளங்களைத் திருப்பிக் கேட்டார். இரு அரசுகளும் உடன்பட்டு, 1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் திருகோணமலைத் தளம் இலங்கையின் வசமாயிற்று. நாட்டுக்கு அது பெருமையான நாள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இளம் பருவத்திலுள்ள இலங்கைக் கடற்படைக்கு ஒரு பேரரசின் கடற்படைக்கு வேண்டிய அளவு தொழிலாளர் வேண்டியதில்லை. கொடியிறக்கத்தைத் தொடர்ந்து வேலையும் படிப்படியாக இறங்கியது.

வெளியே வந்தவர்களுக்கு நாட்டில் வேலையே இல்லை என்று சொல்லமுடியாது. காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் இயங்கிற்று. வாழைச்சேனையிற் காகித ஆலை தொடங்கிவிட்டது. கந்தளாயிற் சீனித் தொழிற்சாலை அடுத்து வந்தது. இம்மூன்றுக்கும் கொதிகலமும் குழாயும் பாரந்தூக்கியும் உண்டு. பண்டசாலைக் கணக்கர் ஒருவர், 1957 இற் பெருகத் தொடங்கிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களிற் பொருந்தியிருக்கக்கூடும். கை அறிந்த வேலை ஒன்றே. அதன் பெயர்தான் மாறவேண்டும். ‘போர்க்கப்பலின் கொதிகலக் குழாய்களை மாற்றியவன்’ என்பதைச் ‘சீனி ஆலையின் நீராவிக் கொதிகலத்தைப் பராமரிக்க வல்லவன்’ என்று யாராவது எழுதித் தரவேண்டும். நொக்ஸுக்கு ஒரு ஹூக் வாய்த்தார். டொக்யார்ட் வாசலில் அவ்வாறு எழுதித்தர எவர் நின்றார்?

எழுதியிருந்தாலும் எம்மொழியில் எழுதுவது என்ற வினா எழுந்திருக்கும். கடற்படை அளித்த நற்சாட்சிப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. தொழிலாளர் தம்முட் பேசியது பெரும்பாலும் தமிழ். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமோ சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கியிருந்தது. புதிய ஆலைகள் பெரும்பாலும் அரசுக்குரியவை. தன் தகுதியைத் தன் மொழியிற் கூறினால் அலுவலகம் ஏற்குமோ என்று அஞ்சும் மனிதன், தன் தகுதியையே ஐயுறத் தொடங்குவான். இது திருகோணமலையில் மட்டும் நிகழ்ந்ததன்று எனினும், ஒரே வேளையில் இத்தனை பேர் தொழில் மாறவேண்டியிருந்த ஊரில் இதன் கனம் கூடுதலாயிருந்தது.

அரசாங்கம் ஒரு வழியைச் சிந்தித்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் நானூறுக்கு மேற்பட்டோரை, மாவட்ட எல்லைக்கு மேற்கேயுள்ள பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் நிலங்கொடுத்துக் குடியேற்றலாம் என்று கருதப்பட்டது. பிற்றரும் றிகரும் கமக்காரராக மாறவேண்டும் என்பது இதன் பொருள். கப்பி பிடித்த கையாற் கலப்பை பிடிக்க முடியாதென்பதில்லை. நொக்ஸ் கப்பலை விட்டு நெல்லுக்கு வரவில்லையா? ஆனால் அங்கே வேலைசெய்த சிங்களத் தொழிலாளரிடையே இத்திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு மூண்டது. கூட்டங் கூட்டமாக ஆட்கள் சென்று அந்நிலங்களைப் பிடித்துக்கொண்டனர். 1958 மே மாதத்தில் நாடெங்கும் தமிழருக்கு எதிராக வன்செயல் வெடித்தது. அதற்கு முன்னைய மாதங்களின் பகையை விவரிக்கும்பொழுது, பத்திரிகையாளர் தார்சி விட்டாச்சி அவ்வாண்டிலேயே இலண்டனில் வெளியிட்ட நூல் இப்பதவியா விவகாரத்தையும் எடுத்துக் கூறுகிறது. டொக்யார்ட் தொழிலாளர் அந்நிலத்திற் குடியேறவில்லை. ஒரு மனிதனின் தொழில், திறமை, ஒழுக்கம் ஆகிய எதனையும் கேளாமல், அவன் எவ்வினத்தான் என்பதை மட்டும் கேட்கும் இடத்தில் எந்த விண்ணப்பமும் பயன்படாது.

நாட்டில் தொழிற்பயிற்சியை ஒழுங்குபடுத்தும் தேசிய சபை 1971 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டது. அது 1990 இல் தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையாக விரிந்தது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஏழு படிகளைக் கொண்ட தேசிய தொழிற்றகைமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்றொரு வழியுண்டு. பள்ளியிற் பயிலாமல் வேலைத்தளத்திலேயே தொழில் கற்றவன், தான் செய்தவற்றைத் தொகுத்துக் காட்டலாம். மதிப்பீட்டாளர் அவனைச் செய்துகாட்டச் சொல்லி, அத்தொழிலுக்குரிய அளவுகோலோடு ஒப்பிட்டு, தேறினாற் சான்றிதழ் வழங்குவர். காகிதத்தைப் பார்த்த கண் மறுபடியும் கையைப் பார்க்கும் ஏற்பாடு அது, தமிழிலும் நடைபெறுகிறது. 1957 இல் முப்பது வயதோடு டொக்யார்ட் வாசலைக் கடந்து வெளியே வந்த ஒரு பிற்றர், இத்திட்டம் வந்த காலத்தில் உயிரோடிருந்தால் எண்பதை அணுகியிருப்பார்.